ஏறாத பஸ்

கேள்வி இருபத்துமூன்று:
மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில்
கடந்த முப்பது நாட்களில் பயணித்தீர்களா?
ஆம் எனில் அடுத்த கேள்வி.
இல்லை எனில் முப்பத்தொன்றுக்குத் தாவுக.

கண்ணகி நகர், மூன்றாம் மாடி.
தண்ணீர் லாரி ஹாரன் அடித்து ஓய்ந்த நேரம்.
டேப்லெட்டில் பன்னிரண்டு சதவீதம் சார்ஜ்.
முடித்த படிவம் ஒன்றுக்கு எனக்கு நூற்றுப்பத்து,
பெட்ரோல் என் கணக்கு.

பவுனு குடத்தை இறக்கிவிட்டு
ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள்.
"நா எங்க ஏறுனேன்? முட்டி தேஞ்சிபோச்சி.
படியாண்ட கால தூக்கறதுக்குள்ள
கண்டக்டரு விசிலு ஊதிடுவான்."

இல்லை என்று தொட்டேன்.
திரை தாவியது:
வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உண்டா?

அவள் தாவவில்லை.
"லூர்து ஏறுனா. எதிர்வூடுதான்.
பெசன்ட் நகர்ல ரெண்டு வூடு புடிச்சிட்டா.
துட்டும் சாஸ்தி,
டீயும் அவங்க குடிக்கற கப்லயே தராங்களாம்.
அது தெரிஞ்ச வாரம்
எங்க அபார்ட்மென்ட்டு அம்மா,
ஏழு வருசமா மூவாயிரத்துலயே நின்ன அம்மா,
பாத்திரம் வெளக்கறப்போ பின்னால வந்து
'நீயும் போயிடுவியா பவுனு'ன்னாங்க.
நா ஒண்ணும் சொல்லல சார்.
கொழாய மூடிட்டு ஜன்னலாண்ட பாத்தேன்.
அந்நேரம்னு ஒரு பஸ்ஸு திரும்பிச்சி.
அவ்ளோதான்.
மறுமாசம் எழுநூறு சேத்து குடுத்தாங்க."

எழுநூற்றை என்ன செய்தீர்கள்?
படிவத்தில் இல்லாத கேள்வி.
நான் கேட்டுவிட்டேன்.

"ஷாம்பு சரத்த வுட்டுட்டு பாட்டிலு வாங்குனேன்.
அது தண்டம் சார்.
சரம்னா எண்ணிக் கிழிப்போம்,
பாட்டில என் பையன் அமுக்கு அமுக்குன்னு அமுக்கறான்,
பத்து நாள்ல காலி.
ஆனா பாட்டிலு பாட்டிலுதான்."

குளிர்சாதனப் பெட்டி இல்லை.
சமையல் எரிவாயு உண்டு.
நன்றி கூறி நேர்காணலை முடிக்கவும்.

படி இறங்கும்போது கணக்குப் போட்டேன்.
ஏறியவர்களை ஒரு வரிசையில் வைப்பார்கள்,
ஏறாதவர்களை இன்னொன்றில்.
முதல் வரிசையிலிருந்து இரண்டாவதைக் கழித்து
மிஞ்சுவதைத் திட்டத்தின் பலன் என்பார்கள்.
அந்த எழுநூறு இரண்டாவது வரிசையில் கிடக்கிறது.
பஸ் கொடுத்த பணம்
பஸ்ஸின் பெயரிலேயே கழிபடும்.
லூர்துவுக்குக் கிடைத்ததைக்கூட
கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

பைக் சீட்டில் டேப்லெட்டை வைத்து
கருத்துப் பெட்டியைத் திறந்தேன்.
நூற்றைம்பது எழுத்துகளுக்கு மேல் ஏற்காது.
ஷாம்புவை வெட்டினேன். முட்டியை வெட்டினேன்.
கண்டக்டரை வெட்ட மனமில்லாமல் வெட்டினேன்.
ஜன்னலை மட்டும் விட்டேன்.

துரைப்பாக்கம் சிக்னலில் போன் அடித்தது.
ரகோத்தமன் சார்.
"கருத்துப் பெட்டில கதையெல்லாம் எழுதாதீங்க.
அந்தக் கட்டத்தை யாரும் படிக்கறதில்ல."
படித்துவிட்டுத்தானே கூப்பிட்டிருக்கிறார்.

சரி சார் என்றேன்.
பிறகு, எங்கிருந்து வந்ததோ,
"கிண்டியில ஒரு கம்பெனி
படிவத்துக்கு நூத்தம்பது தராங்களாம் சார்" என்றேன்.
அப்படி ஒரு போஸ்டரைத்தான் பார்த்திருந்தேன்,
போன் நம்பர் கிழிந்துபோன போஸ்டர்.

மறுமுனையில் மூச்சு மட்டும்.
"நீங்களும் போறீங்களா என்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
போனைக் காதிலிருந்து எடுத்து
சாலைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
பச்சை விழுந்தது.
கிண்டி பக்கம் போகிற எல்லாமே
ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன.